சுகர் மாத்திரைதான் காரணமா? மாப்பிள்ளை சம்பா சாப்பிட்டா சரியாயிடுமா?

தம்பி, நீங்க கேட்டதை நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு ஒரு தடவை திருப்பி சொல்லிடுறேன். வயசு 44, நீடாமங்கலம் பக்கம் விவசாயம், ஆறு வருஷமா சுகர். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை காலையும் ராத்திரியும், பிபிக்கு அட்டெனோலால் 50. ஒரு வருஷமா விறைப்பு சரியா வர்றதில்ல, வந்தாலும் பாதியில போயிடுது. டீக்கடையில ஒருத்தர் "சுகர் மாத்திரை ஆம்பளத்தனத்தை கொன்னுடும்டா"ன்னு சொன்னதை கேட்டு ரெண்டு வாரமா சுகர் மாத்திரையை நிறுத்திட்டீங்க. மூணு வேளையும் மாப்பிள்ளை சம்பா சாப்பிடுறீங்க. மாசாமாசம் லாட்ஜுல ரூம் போட்டு உக்கார்ற வைத்தியர் ஒருத்தர் 4500 ரூபாய்க்கு லேகியம் தர்றேங்கிறார், வாங்கலாமான்னு கேக்குறீங்க.

நான் டாக்டர் இல்ல. மன்னார்குடி பக்கத்துல 27 வருஷமா மெடிக்கல் ஷாப் வச்சிருக்கிற பார்மசிஸ்ட். எனக்கே 11 வருஷமா சுகர் இருக்கு. உங்க பிரச்சனை எனக்கும் வந்துச்சு, அதையும் கீழ சொல்றேன்.

லேகியம், அரிசி எல்லாம் அப்பறம் பேசலாம். முதல்ல அந்த ரெண்டு வார சமாச்சாரம். நாளைக்கு காலையில வெறும் வயித்துல சுகர் பாருங்க, அதை எடுத்துக்கிட்டு உங்க டாக்டர்கிட்ட போய் மாத்திரையை நிறுத்துன கதையை ஒளிக்காம சொல்லி திரும்ப ஆரம்பிங்க. அட்டெனோலாலையும் சேத்து நிறுத்தினீங்களான்னு நீங்க எழுதல. நிறுத்தியிருந்தா அது இன்னும் அவசரம், ஏன்னா அந்த மாத்திரையை திடீர்னு விட்டா நெஞ்சு படபடப்பு, பிபி எகிர்றது, சில பேருக்கு ஹார்ட் அட்டாக் வரைக்கும் போவும். அதை டாக்டர்தான் படிப்படியா குறைப்பாரு, நம்மளா விடுற மாத்திரை இல்ல அது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நம்ம ஊரு ஆளுக்கு இதை வாய்க்கால் வச்சு சொன்னாதான் ஏறும். ஜூன் 12 மேட்டூரை திறந்தா கல்லணைக்கு தண்ணி வந்துடும், வெண்ணாத்துல வந்துடும், பாமணியாறு கோரையாறு வரைக்கும் கூட வந்துடும், ஆனா தலைஞாயிறு வேதாரண்யம் பக்கம் கடைமடைக்காரன் மட்டும் வானத்தை பாத்துக்கிட்டு நிப்பான். ஆத்துல தூர் சேந்து ஆகாயத்தாமரை மண்டுனா முதல்ல காயறது அவன் வயலுதான். உடம்புல கடைமடை எதுன்னா ஆணுறுப்புக்கு போற ரத்தக்குழாய். அது 1லேருந்து 2 மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்துக்கு போற குழாய் 3, 4 மில்லிமீட்டர் இருக்கும். சுகர், பிபி, கொழுப்பு, புகையிலை எல்லாம் சேந்து குழாயை தூர்த்துக்கிட்டே வரும்போது சின்னக்குழாய்தான் முதல்ல காட்டிக்கொடுக்கும். அதனாலதான் விறைப்பு குறைஞ்ச ஆளுக்கு ரெண்டு மூணு வருஷத்துலேருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள இதயத்துல அடைப்பு தெரிய வர்றதுண்டு. உங்களை பயமுறுத்த சொல்லல. ஆனா 44 வயசு, சுகர், பிபி ரெண்டும் இருக்கு, இப்ப இதுவும் வந்திருக்குன்னா ஒரு ஈசிஜி எடுத்து பாக்காம லேகியத்துக்கு போறது, ஆத்துல உடைப்பு எங்கன்னு பாக்காம வயல்ல போர் போடுற கதை.

தண்ணி வந்தா மட்டும் வயல்ல நிக்குமா? வடிகால் மடையை அடைச்சாதான் நிக்கும். விறைப்பும் அப்படித்தான், ரத்தம் உள்ள பாயணும், பாஞ்சு ஊதுன சதை வெளிய போற சிரைகளை அழுத்தி மூடணும். உங்களுக்கு வந்தும் நிக்கலங்கிறீங்களே, அது இந்த ரெண்டாவது வேலை சரியா நடக்காததால இருக்கலாம். இதையெல்லாம் திறக்க சொல்ற ஆள் நரம்பு, ஆத்துல மடையை திறந்து மூடுற லஸ்கர் மாதிரி. சுகர் வருஷக்கணக்குல ஜாஸ்தியா இருந்தா லஸ்கரே வேலைக்கு வர்றதில்ல. கால்ல எரிச்சல், மதமதப்பு, செருப்பு கழண்டது கூட தெரியாம நடக்குறதுன்னு சொல்றாங்கல்ல, அதே நரம்புக்கேடுதான் இங்கயும். உங்களுக்கு பாதத்துல அப்படி எதாவது இருக்கான்னு பாருங்க, இருந்தா டாக்டர்கிட்ட சேத்து சொல்லணும்.

குழாயோட உள்பூச்சு நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயுவை விடும், அதுதான் குழாயை தளர்த்தி ரத்தத்தை உள்ள விடுது. உடம்புல இதோட வேலையை கண்டுபிடிச்சதுக்கு ஃபர்ச்காட், இக்னாரோ, முராத்னு மூணு பேருக்கு 1998ல நோபல் பரிசு குடுத்தாங்க. அதே வருஷம் மார்ச்சுலதான் வயாகராவுக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது, நெஞ்சுவலிக்குன்னு ஆராய்ச்சி பண்ணப்போய் வேற எடத்துல வேலை செஞ்ச மருந்து அது. சுகர் ஏறி ஏறி இருந்தா இந்த நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியே படுத்துடும். சுகர் இருக்கிற ஆம்பளைங்கள்ல பாதிப்பேருக்கு மேல ஏதோ ஒரு அளவுல இந்த பிரச்சனை இருக்கு, மத்தவங்களை விட 10, 15 வருஷம் முன்னாடியே வந்துடுது. ஊருல யாரும் வாய விட்டு சொல்றதில்ல, அதனால ஒவ்வொருத்தனும் தனக்கு மட்டும்தான்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்.

சரி, மாத்திரை. உங்க கையில இருக்கிறதை ஒண்ணொண்ணா எடுத்துப்போம்.

மெட்ஃபார்மின் விறைப்பை கெடுக்குற மாத்திரை இல்ல. டீக்கடை நண்பர் சொன்னது தப்பு. ஆனா அதுல ஒரு சின்ன சிக்கல் இருக்கு, வருஷக்கணக்கா சாப்பிட்டா சில பேருக்கு பி12 சத்து குறையும், பி12 குறைஞ்சா நரம்பு இன்னும் மோசமாவும், அது சுகராலதான்னு நாம நெனச்சுக்குவோம். ஆறு வருஷமா சாப்பிடுறீங்க, ஒரு தடவையாவது பி12 டெஸ்ட் எடுத்திருக்கீங்களா? எங்கிட்ட வர்றவங்கள்ல பாதிப்பேரு இல்லைன்னுதான் சொல்வாங்க. கறி மீன் அதிகம் சேக்காத ஆளா இருந்தா கண்டிப்பா பாக்கணும். குறைவா இருந்தா ஊசியோ மாத்திரையோ குடுத்து ஏத்திடலாம், அதுக்காக மெட்ஃபார்மினை விட வேண்டியதில்ல.

கிளிமிபிரைடும் விறைப்பை நேரடியா தொடாது. ஆனா அது சுகரை கீழ இழுத்துட்டு போற மாத்திரை. ராத்திரி மாத்திரையை போட்டுட்டு சாப்பாட்டை குறைச்சு, ரெண்டு ரவுண்டு சரக்கும் போட்டுட்டு படுக்கைக்கு போனா லோ சுகர் ஆயிடும், கை நடுங்கும், வேர்க்கும், மனசு ஓடாது, அப்ப எங்கேருந்து வரும்? இதுல அட்டெனோலாலும் இருந்தா நடுக்கமும் படபடப்பும் தெரியாம அமுங்கிடும், வேர்வை மட்டும்தான் தெரியும். அந்த மாதிரி வேர்த்தா உடனே சுகர் பாருங்க, மெஷின் பக்கத்துல இல்லன்னா சக்கரை தண்ணியோ குளுக்கோஸோ குடிச்சுட்டு மத்ததை பேசுங்க.

நான் சந்தேகப்படுறது அட்டெனோலாலைத்தான். பீட்டா பிளாக்கர்னு சொல்ற இந்த வகை பழைய பிபி மாத்திரைங்களுக்கும், நீர் பிரிய வைக்கிற ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், ஸ்பைரோனோலாக்டோன் வகைக்கும் இந்தக் கெட்ட பேரு ரொம்ப நாளா உண்டு. டெல்மிசார்டன், லோசார்டன் வகைக்கு அந்த கெட்ட பேரு இல்ல, சுகர்காரங்க கிட்னிக்கும் அது தேவலாம். பீட்டா பிளாக்கர் கட்டாயம் வேணும்னா நெபிவோலால்னு ஒண்ணு இருக்கு, அது இந்த விஷயத்துல கொஞ்சம் தயவு காட்டும். உங்களுக்கு எதுக்காக அட்டெனோலால் எழுதினாங்கன்னு தெரியாம மாத்த சொல்ல நான் யாரு? ஆனா "இதை மாத்த முடியுமா டாக்டர்"னு கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு.

எனக்கு நடந்தது இதுதான். எட்டு வருஷம் முன்னாடி எனக்கும் ஒரு பீட்டா பிளாக்கர் எழுதினாங்க. மாத்திரை விக்கிறவன் நான், அட்டைக்குள்ள மடிச்சு வச்சிருக்கிற நோட்டீஸை படிக்கிறவன் நான், ஆனா மூணு மாசத்துல பிரச்சனை வந்தப்ப எழுதின டாக்டர்கிட்ட சொல்ல வாய் வரல. அந்த கிளினிக்குல டோக்கன் எண்பது தொண்ணூறு போவும், உள்ள போனா எனக்கு முன்னாடி ஆள் இன்னும் சட்டை பட்டன் போட்டுக்கிட்டு இருப்பாரு, எனக்கு அடுத்த ஆள் கதவுக்கிட்டயே நிப்பாரு, நர்ஸம்மா ஒண்ணு பிபி பாத்துக்கிட்டு இருக்கும். அதுவும் நம்ம தெருப்பொண்ணு. இதுல எங்க போய் சொல்றது? ஒன்றரை வருஷம் சும்மா இருந்தேன். கடைசியில ஒரு துண்டுச்சீட்டுல "விறைப்பு குறைவு, ஒன்றரை வருஷமா, மாத்திரையாலயான்னு சந்தேகம்"னு எழுதி ரிப்போர்ட்டுக்கு மேல வச்சு நீட்டினேன். அவர் படிச்சாரு, என்னை நிமிந்து ஒரு பார்வை பாத்தாரு, நர்ஸை வெளிய போய் யாரையோ பாக்க சொன்னாரு, மாத்திரையை மாத்தி எழுதினாரு. மொத்தம் ரெண்டு நிமிஷம். முழுசா சரியாவல, ஆனா முக்கால்வாசி திரும்புச்சு. மிச்சத்துக்கு தொப்பையும் சுகரும் காரணம்னு அப்பறம்தான் ஒத்துக்கிட்டேன்.

இதுல இன்னொரு கூத்து கேளுங்க. 2003ல இத்தாலியில ஒரு ஆராய்ச்சி, 96 பேருக்கு இதே அட்டெனோலால் 50 குடுத்தாங்க. மூணு குழுவா பிரிச்சு, 32 பேருக்கு என்ன மாத்திரைன்னே சொல்லல, 32 பேருக்கு பேரை மட்டும் சொன்னாங்க, மிச்ச 32 பேருக்கு பேரையும் சொல்லி "இது விறைப்பை பாதிக்கலாம்"னும் சொன்னாங்க. மூணு மாசம் கழிச்சு பாத்தா முதல் குழுவுல ஒருத்தருக்கு பிரச்சனை, ரெண்டாவதுல அஞ்சு பேருக்கு, மூணாவதுல பத்து பேருக்கு. மாத்திரை ஒண்ணுதான், காதுல விழுந்த சேதிதான் வேற. அதனால டீக்கடையில விழுந்த ஒரு வார்த்தை என்ன பண்ணும்னு யோசிச்சுப் பாருங்க. நானே இப்ப உங்களுக்கு அட்டெனோலாலை பத்தி சொல்லிட்டேன், அதுவும் ஒரு பாவம்தான், ஆனா உங்களுக்கு ஏற்கனவே பிரச்சனை இருக்கிறதால சொன்னேன்.

மனசாலயா உடம்பாலயான்னு வீட்டுலயே ஓரளவு பாக்கலாம். விடியக்காலையில முழிக்கும்போது தானா விறைப்பு இருக்கா? நல்லாவே இருந்துட்டு, மனைவி பக்கத்துல போகும்போது மட்டும் போயிடுதுன்னா பயத்தோட பங்கு பெருசு. காலையிலயும் இல்ல, எப்பவும் இல்ல, அதுவும் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுதுன்னா குழாய், நரம்பு பக்கம் பாக்கணும். ரெண்டும் கலந்து இருக்கிறவங்கதான் நிறைய.

வேற மாத்திரைக்காரங்களுக்கும் ரெண்டு வார்த்தை. சுகருக்கு டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின்னு இப்ப நிறைய எழுதுறாங்க, 2020க்கு அப்பறம் டபா விலை இறங்குனதுலேருந்து எங்க கடையில ரொம்ப ஓடுது. கிட்னிக்கும் இதயத்துக்கும் நல்ல மருந்து. ஆனா அது சக்கரையை மூத்திரம் வழியா தள்ளும், முன்தோலுக்குள்ள இனிப்பு தங்கும், பூஞ்சை வந்துடும். அரிப்பு, வெள்ளையா மாவு மாதிரி, முன்தோல் விளிம்புல வெடிப்பு. ஒருத்தர் எங்கிட்ட ஆறு மாசமா படர்தாமரைக்கு விக்கிற ஸ்டீராய்டு கலந்த க்ரீமா வாங்கிட்டு போனாரு, யாருக்குன்னு கேட்டா பையனுக்கும்பாரு. ஒரு நாள் கடையில ஆளில்லாத நேரம் பாத்து வந்து "தோலை பின்னுக்கு தள்ளவே முடியல, தள்ளுனா கிழிஞ்சு ரத்தம் வருது"ன்னாரு. அவரு டபா சாப்பிடுறவரே இல்ல, சுகர் இருக்குன்னே தெரியாதவரு. கடையில வச்சே விரல்ல குத்தி பாத்தா 340. பெரியவங்களுக்கு முன்தோல் திடீர்னு வெடிக்குதுன்னா முதல்ல சுகர்தான் பாக்கணும். இந்த மாத்திரை சாப்பிடுறவங்க தினமும் வெதுவெது தண்ணியில கழுவி ஈரம் போக துடைச்சுக்கிட்டாலே முக்கால்வாசி தொல்லை இல்ல. வலியோட வீங்கி காய்ச்சலும் வந்தா மட்டும் அன்னிக்கே ஆஸ்பத்திரி, தள்ளிப்போடக் கூடாது.

இன்சுலின் போட்டா ஆண்மை போயிடும்னு ஒரு பேச்சு இருக்கு. இன்சுலின் போடுற நிலைமைக்கு வர்றதுக்குள்ள பத்து பதினஞ்சு வருஷம் சுகர் உள்ள வேலை பாத்திருக்கும், பழியை ஊசி வாங்கிக்குது. அவ்வளவுதான் அதுல.

விந்து வெளிய வர்றதே இல்ல, உச்சம் மட்டும் வருதுன்னு சில பேரு சொல்வாங்க. அது முன்னாடி வராம பின்னாடி மூத்திரப்பைக்கு போயிடுது, அப்பறம் மூத்திரம் கலங்கலா போவும். சுகரால நரம்பு கெட்டாலும் இப்படி ஆவும், ப்ரோஸ்டேட்டுக்கு குடுக்குற டாம்சுலோசினாலயும் ஆவும். உடம்புக்கு கெடுதி இல்ல, குழந்தை வேணும்னு இருக்கிறவங்க மட்டும் டாக்டர்கிட்ட போகணும், மூத்திரத்துலேருந்தே உயிரணுவை பிரிச்செடுக்க வழி இருக்கு.

இப்ப சோறு. உங்க கேள்வியில எனக்கு ரொம்ப புடிச்சது மாப்பிள்ளை சம்பாதான். பொண்ணு வீட்டுல இளவட்டக்கல்லை தூக்கணும்னா மாப்பிள்ளைக்கு இந்த அரிசியை போடுவாங்கன்னு ஒரு கதை, பேரே அப்படி வந்துச்சும்பாங்க. திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் ஊர் ஊரா அலைஞ்சு பாரம்பரிய ரகமெல்லாம் மீட்டு நெல் திருவிழா நடத்தினதுலேருந்து, இது திரும்ப நம்ம வயலுக்கு வந்திருக்கு, அதுல எனக்கும் பெருமைதான். ஆனா தம்பி, சிவப்பரிசியா இருந்தாலும் அரிசி அரிசிதான். 100 கிராம் எடுத்தா 70 கிராமுக்கு மேல மாவுச்சத்து. தவிட்டோட இருக்கிறதால நார் ஜாஸ்தி, சுகர் கொஞ்சம் மெதுவா ஏறும், அந்த அளவுக்கு பொன்னியை விட தேவலாம். அதுக்காக மூணு வேளையும் கொட்டிக்கிட்டா? கல்லை தூக்குன அந்த மாப்பிள்ளை விடியக்காலையிலேருந்து ஏர் ஓட்டுனவன், நாத்துக்கட்டு சுமந்தவன், தலையடி அடிச்சவன். நாம நடவு மெஷின் விட்டு நட்டு, அறுவடை மெஷின் விட்டு அறுத்து, வரப்பு வரைக்கும் பைக்குல போய் இறங்கி, கைய கட்டிக்கிட்டு பாத்துட்டு வர்றோம். சோறு மட்டும் தாத்தா அளவு.

இந்தியாவுல பொதுவா நாம சாப்பிடுற கலோரியில 60 சதவீதத்துக்கு மேல மாவுச்சத்துலேருந்துதான் வருது, நம்ம பக்கத்துல கேக்கவே வேணாம். காலையில இட்லி, மதியம் சோறு, சாயந்தரம் பஜ்ஜி, ராத்திரி தோசை, எல்லாமே ஒரே மூட்டையிலேருந்து வந்ததுதான். நான் பண்ணது ரொம்ப சிம்பிள். மதியம் தட்டுல முதல்ல கீரையும் காயும் பாதித் தட்டு, அப்பறம் மீனோ முட்டையோ பருப்போ, கடைசியா மிச்சம் இருக்கிற எடத்துலதான் சோறு. அன்னவெட்டியால ஒண்ணரை கரண்டி, அதுக்கு மேல கேட்டா எங்க வீட்டுல கரண்டியை மறைச்சு வச்சுடுவாங்க. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்துலேருந்து மத்தி மீன் மலிவா வருது, வாரம் ரெண்டு மூணு நாள் குழம்பா வைக்கலாம், பொரிக்க வேணாம். சம்பா அறுத்த தரிசுல உளுந்தும் பயறும் நாமதான் போடுறோம், வித்துடாம வீட்டுக்கும் கொஞ்சம் வைங்க, முளைகட்டின பயறு சாயந்தரம் பஜ்ஜிக்கு பதிலா நல்ல பொருள். ஒரு கை வேர்க்கடலை, அவிச்சது.

உளுந்தங்களி இடுப்புக்கு பலம், அதனால இதுக்கும் பலம்னு கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊத்தி கிண்டி சாப்பிடுறவங்க இருக்காங்க. உளுந்து சரி. கருப்பட்டி, நாட்டுச்சக்கரை, தேன் எல்லாம் சுகர்காரனுக்கு சக்கரைக்கு அண்ணன் தம்பிதான், கலரு பாத்து ஏமாற வேணாம். முருங்கைக்காயை பத்தி ஊரே சிரிச்சுக்கிட்டு பேசுது, அது நல்ல காய், நார் இருக்கு, கீரையில சத்து இருக்கு, ஆனா ராத்திரி காய் சாம்பார் சாப்பிட்டா ராத்திரியே வேலை செய்யும்னு நெனைக்கிறது வேடிக்கை.

இத்தாலியிலயே 2004ல இன்னொரு ஆராய்ச்சி வெளிவந்துச்சு. உடம்பு பெருத்த 110 பேரு, எல்லாருக்கும் விறைப்பு பிரச்சனை. பாதிப்பேருக்கு எடையை 10 சதவீதம் குறைக்க சாப்பாடும் நடையும் விவரமா சொல்லிக்குடுத்து ரெண்டு வருஷம் பின்னாடியே நின்னாங்க, மிச்சப்பேருக்கு பொதுவா ஆரோக்கியமா இருங்கன்னு சொல்லி விட்டாங்க. முதல் குழுவுல 55க்கு 17 பேருக்கு விறைப்பு நார்மலுக்கு வந்துச்சு, ரெண்டாவதுல 3 பேருக்குத்தான். ஒரு விஷயம், அவங்கள்ல சுகர்காரங்க இல்ல. நமக்கு அவ்வளவு வேகமா நடக்காது, ஆனா வழி அதுதான். தொப்பையில இருக்கிற கொழுப்பு ஆண் ஹார்மோனை பெண் ஹார்மோனா மாத்துற வேலையையும் பாக்குது. இடுப்பு 90 சென்டிமீட்டருக்கு மேல போனா கணக்கு சரியில்லன்னு வச்சுக்கங்க. வாரத்துக்கு மொத்தம் 160 நிமிஷம், மூச்சு வாங்குற அளவு நடை, ஆறு மாசம். சாப்பிட்ட உடனே பத்து நிமிஷம் நடந்தாலும் அந்த வேளை சுகர் ஏறுறது நல்லாவே குறையும், இதை மெஷின் வச்சு நானே பாத்திருக்கேன்.

புகையிலையை தனியா சொல்லணும். கும்பகோணம் வெத்தலை, சீவல் போடுறதுல நமக்கு ஒரு பெருமை, அதோட ஓரமா புகையிலையை கிள்ளி அதக்கிக்கிறோம். நான் பீடி சிகரெட் தொடறதே இல்லன்னு சத்தியம் பண்ற ஆளு வாயிலயே புகையிலை இருக்கும். நிக்கோட்டின் எந்த வழியா போனாலும் குழாயை சுருக்கும், கடைமடையை முதல்ல சுருக்கும்.

லேகியம். வாங்காதீங்க. சுகருக்கும் ஆண்மைக்குறைவுக்கும் குணமாக்குறேன்னு விளம்பரம் பண்றதையே 1954லேருந்து சட்டம் தடுக்குது, இருந்தாலும் சுவத்துல, பஸ் ஸ்டாண்டு கழிவறையில, தேதி போட்டு லாட்ஜ் பேரு போட்டு ஒட்டிக்கிட்டேதான் இருக்காங்க. சாப்பிட்ட அன்னிக்கே வேலை செஞ்ச லேகியம்னு யாராவது சொன்னா எனக்கு பயம்தான் வரும், மூலிகைன்னு விக்கிற சரக்குல சில்டெனாஃபில்லை, அதாவது வயாகராவுல இருக்கிற மருந்தை, பொடி பண்ணி கலக்குறது உலகம் பூரா பல தடவை புடிச்சிருக்காங்க. அளவு தெரியாது, உங்க மத்த மாத்திரையோட எப்படி சண்டை போடும்னு தெரியாது. சிலதுல ஈயம், பாதரசம் இருந்து கிட்னியையும் சேத்து வாங்கிடும். சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லல, நம்ம அரசு ஆஸ்பத்திரியிலயே படிச்ச சித்தா டாக்டர் உக்காந்திருக்காங்க, அமுக்கராவோ பூனைக்காலியோ வேணும்னா அவங்ககிட்ட சுகர் மாத்திரை சீட்டை காட்டிட்டு வாங்குங்க. லாட்ஜுல ரூம் நம்பர் 12க்கு போகாதீங்க.

அந்த சில்டெனாஃபில் மாத்திரையவே நேரா எடுத்துக்கலாமான்னா, எடுத்துக்கலாம், டாக்டர் சீட்டோட. சுகர்காரங்க 268 பேர வச்சு 1999ல வந்த ஆராய்ச்சியில சில்டெனாஃபில் சாப்பிட்டவங்கள்ல 56 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், டம்மி மாத்திரையில 10 சதவீதம். ஆக எல்லாருக்கும் வேலை செய்யாது, பாதிக்கு மேல செய்யும். எங்கிட்ட வந்து "அது சும்மா மாத்திரைங்க, கேக்கல"ன்னு சொல்றவங்கள்ல நிறைய பேரு பிரியாணி சாப்பிட்டுட்டு சில்டெனாஃபில் போட்டு, பத்து நிமிஷம் சுவத்தை பாத்துக்கிட்டு உக்காந்தவங்க. எண்ணெயும் நெய்யுமா வயிறு ரொம்ப சாப்பிட்டா அது ஏறுறதுக்கு நேரமாவும். வெறும் வயித்துலயோ லேசா சாப்பிட்டோ, ஒரு மணி நேரம் முன்னாடி. போட்டா தானா எழும்பாது, மனசும் தொடுதலும் வேணும். ஒரு தடவையில கைவிடாம ஆறேழு தடவை வேற வேற நாள்ல பாத்துட்டுத்தான் தீர்ப்பு சொல்லணும். அதே வகையில டடாலாஃபில்னு ஒண்ணு, 36 மணி நேரம் வரைக்கும் வேலை செய்யும், சாப்பாடு தொந்தரவும் இல்ல.

இதுல உயிர் போற விஷயம் ஒண்ணு. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற சார்பிட்ரேட்டு, ஐசோசார்பைடு, நைட்ரோகிளிசரின், நிக்கோராண்டில் இதுல எது சாப்பிடுறவங்களும் இந்த மாத்திரை பக்கமே போகக் கூடாது, பிபி பாதாளத்துக்கு போயிடும். அதே மாதிரி இதைப் போட்டுட்டு நெஞ்சுவலி வந்தா வெக்கப்படாம டாக்டர்கிட்ட "இன்ன நேரத்துக்கு இந்த மாத்திரை போட்டேன்"னு சொல்லணும், மனைவிக்கும் தெரிஞ்சிருக்கணும். டாம்சுலோசின் மாதிரி மாத்திரை சாப்பிடுறவங்களும் முன்னாடியே சொல்லிடணும். விறைப்பு நாலு மணி நேரத்துக்கு மேல இறங்கலன்னா அது சந்தோஷம் இல்ல, எமர்ஜென்சி. மாத்திரை கேக்கலன்னா ஊசி, பம்பு, ஆபரேஷன்னு அடுத்த படிகள் இருக்கு, அது யூராலஜி டாக்டர் பாத்துப்பாரு.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கவான்னு அடுத்து கேப்பீங்க. டெஸ்ட் பாத்து ரெண்டு தடவை குறைவா வந்தாத்தான். ரத்தம் காலையில, பதினோரு மணிக்குள்ள, வெறும் வயித்துல குடுக்கணும், சாயந்தரம் குடுத்தா இயல்பாவே குறைஞ்சு காட்டும். இன்னொரு குழந்தை வேணும்னு இருந்தா அந்த ஊசியே வேணாம், உயிரணு உற்பத்தியை அது அமுக்கிடும்.

வீட்டுல அவங்க ஒண்ணும் கேக்குறதில்லன்னு எழுதியிருந்தீங்க. போன மாசம் ஒரு அம்மா கடைக்கு வந்து வீட்டுக்காரர் சுகர் மாத்திரையை வாங்கிட்டு, போகாம நின்னாங்க. கூட்டம் குறைஞ்சதும், "அவரு இப்பல்லாம் திண்ணையிலதான் படுக்குறாரு, எம்மேல எதாச்சும் கோவமான்னு தெரியல"ன்னாங்க. அந்த மனுஷன் எங்கிட்ட தனியா வந்து சத்து மாத்திரை கேட்டது எனக்கு தெரியும், ஆனா நான் சொல்ல முடியாது. "சுகர் இருந்தா சில நேரம் இப்படி ஆவும்மா, கோவம் எல்லாம் இல்ல, நீங்களே ஒரு வார்த்தை கேளுங்க"ன்னு மட்டும் சொன்னேன். உங்க வீட்டுலயும் அவங்க என்ன நெனச்சுக்கிட்டு இருக்காங்கன்னு உங்களுக்கு தெரியாது.

டாக்டர்கிட்ட போகும்போது வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும், நிறுத்துனது, பக்கத்து வீட்டுக்காரர் குடுத்தது உட்பட, ஒரு மஞ்சப்பையில போட்டு எடுத்துட்டு போங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து குடுக்குற மாத்திரையா இருந்தா அந்த அட்டையையும் வைங்க. வர்ற தங்கச்சிகிட்ட இதை சொல்ல முடியலன்னா பரவால்ல, ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டரை நேரா பாக்கலாம். எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்), வெறும் வயித்துல ரத்தக் கொழுப்பு, கிட்னிக்கு கிரியேட்டினின், பி12, காலை டெஸ்டோஸ்டிரோன், ஈசிஜி, இவ்வளவும் எடுக்கணுமான்னு கேளுங்க. வாய் வரலன்னா என்னை மாதிரி சீட்டு எழுதுங்க: "விறைப்பு குறைவு, ஒரு வருஷமா, அட்டெனோலாலை மாத்த முடியுமா?" இவ்வளவு போதும். ரிப்போர்ட் வந்ததும் பி12வும் எச்பிஏ1சியும் எவ்வளவுன்னு எனக்கு எழுதுங்க, சாப்பாட்டை அதை வச்சு இன்னும் விவரமா பேசலாம்.